துடியலூர் டு திப்ருகர்: நேர்க்கோட்டில் 2,620 கிலோமீட்டர்... நேரத்தில் எவ்வளவு?

துடியலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "மேட்டுப்பாளையம் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கு வராது. "முக்கா மணி நேரமுங்க. காரமடைத் தேருன்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருமுங்க" என்பதுதான் பதிலாக இருக்கும். கொங்கு நாட்டில் தூரத்தை அளப்பது கடிகாரத்தால்தான்.

அதே பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில், காலை ஷிஃப்டுக்குப் போகும் அசாம் இளைஞர் ஒருவரிடம், "உங்க ஊரு எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டால், அவரும் கடிகாரக் கணக்கில்தான் சொல்வார். "மூணு நாள் அண்ணா."

மூன்று நாள் என்பது ரயில் கணக்கு. விமானத்தில் போனால்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கோவை பீளமேட்டில் ஒரு விமான நிலையம். அசாமின் கிழக்குக் கோடியில், திப்ருகருக்குப் பக்கத்தில் மோகன்பாரியில் இன்னொரு விமான நிலையம். இரண்டுமே பெருநகர விமான நிலையங்கள் அல்ல. இரண்டுக்கும் நடுவே நேரடி விமானம் கிடையாது. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையே போக வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

துடியலூர், வெள்ளக்கிணறு, கணபதி, நரசிம்மநாயக்கன்பாளையம் என்று மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் ஃபவுண்டரிகளும் பம்ப் கம்பெனிகளும் லேத் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. அங்கே உலைக்கு முன்னால் நிற்பவர்களில் பிஹார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் இளைஞர்கள் கணிசம். ஊரில் எல்லோருக்கும் பொதுப் பெயர் 'இந்திக்காரப் பசங்க'. அசாம்காரருக்கு அசாமியும், வங்கத்துக்காரருக்கு வங்காளியும், ஒடிசாக்காரருக்கு ஒடியாவும்தான் தாய்மொழி என்பதை டீ மாஸ்டர்கள் மட்டும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதே கோவை மாவட்டத்தின் மலை மேல் இருக்கும் வால்பாறைக்குப் போனால், தேயிலைத் தோட்டங்களிலும் அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர்களைப் பார்க்கலாம். தேயிலை நாட்டிலிருந்து தேயிலை மலைக்கு வந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணம் எதிர்த் திசையில் நடந்தது. சோட்டா நாக்பூர், ஒடிசா, ஆந்திரப் பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்களை அசாம் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். பிரம்மபுத்திராவில் நீராவிப் படகில் வாரக்கணக்கில் போன பயணம் அது. வழியிலேயே நோயில் இறந்தவர்கள் ஏராளம். அந்த வம்சத்தில் வந்த சிலர்தான் இன்று வால்பாறையில் கொழுந்து பறிக்கிறார்கள்.

தேயிலையை வைத்தே இரண்டு ஊர்களையும் இணைக்கலாம். குன்னூரில் 1963-லும், கவுகாத்தியில் 1970-லும், கோவையில் 1980-லும் தேயிலை ஏல மையங்கள் தொடங்கப்பட்டன. கணினியில் நடக்கும் ஏலத்துக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. மனிதர்கள் போவதற்குத்தான் விமானமோ ரயிலோ வேண்டியிருக்கிறது.

வரைபடத்தில் ஒரு கோடு

பீளமேட்டிலிருந்து மோகன்பாரிக்கு உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அதன் நீளம் ஏறக்குறைய 2,620 கிலோமீட்டர். அந்த நூல் ஆந்திராவின் தென்கோடியைக் குறுக்கே கடந்து, நெல்லூர் பக்கம் கடலுக்குள் இறங்கும். பூரிக்கு அருகே ஒடிசா கரையை உரசும். பிறகு சுந்தரவனக் காடுகள், பங்களாதேஷ், மேகாலயா மலைகள், அதற்கப்புறம் மேல் அசாம்.

இந்தக் கோட்டில் ஒரு ஜெட் விமானம் நிற்காமல் பறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடும். காலை டிபனைத் துடியலூரில் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திப்ருகரில் இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு விமானத்தை நிரப்பத் தினமும் நூற்றைம்பது, நூற்றெண்பது பேர் வேண்டும். அதனால் விமான நிறுவனங்கள் சின்ன ஊர்களின் பயணிகளைப் பெரிய ஊர் ஒன்றில் சேர்த்து, பிரித்து அனுப்புகின்றன. டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய், அங்கே வெளியூர் பஸ் பிடிப்பதைப் போல.

பெரும்பாலானோர் நினைப்பது, "சென்னைக்குப் போய், கல்கத்தாவுக்குப் போய், அங்கிருந்து திப்ருகர் என்றால் எவ்வளவு சுற்று!" என்றுதான். கணக்குப் போட்டால் ஆச்சரியம். கோவை - சென்னை சுமார் 405 கிலோமீட்டர். சென்னை - கொல்கத்தா சுமார் 1,385. கொல்கத்தா - திப்ருகர் சுமார் 850. கூட்டினால் 2,640. நேர்க்கோட்டை விட வெறும் 20 கிலோமீட்டர்தான் அதிகம்! துடியலூரிலிருந்து பீளமேடு விமான நிலையத்துக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சென்னையும் கொல்கத்தாவும் அந்த நூலை ஒட்டியே அமைந்துவிட்டன.

ஆனால் டெல்லி வழியாக டிக்கெட் எடுத்தால் கதை வேறு. கோவையிலிருந்து டெல்லி சுமார் 1,950 கிலோமீட்டர், அங்கிருந்து திப்ருகர் சுமார் 1,760. மொத்தம் 3,700-ஐத் தாண்டுகிறது. நேர்க்கோட்டை விட 1,000 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். ஆனால் சில நாட்களில் டெல்லி வழி டிக்கெட்தான் விலை குறைவாக இருக்கும். சில நாட்களில் நேரமும் குறைவாக இருக்கும். ஒரு விமானம் குறைந்தால் ஒரு காத்திருப்பும் குறையுமே.

தூரம் குறைவென்றால் விமானம் சுலபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கோவைக்கும் தூத்துக்குடிக்கும் நேர்க்கோட்டில் 280 கிலோமீட்டர்தான். விமானத்தில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர், சென்னைக்குப் போய் இறங்கி, மறுபடி தெற்கே பறக்க வேண்டும். 900 கிலோமீட்டருக்கு மேல் ஆகாயச் சுற்று. அதற்குள் காரில் போனவர் தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கிக்கொண்டிருப்பார்.

நேரம் எங்கே போகிறது?

துடியலூரிலிருந்து வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாக சித்ரா வந்தால் விமான நிலையம். சுமார் 15 கிலோமீட்டர். விடிகாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் போதும். காலை ஒன்பது மணிக்கு அதே சாலையில் சரவணம்பட்டி சிக்னலில் மாட்டினால், கடவுள் விட்ட வழி.

உள்நாட்டு விமானத்துக்கு, பெட்டி போடும் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம். எனவே இரண்டு மணி நேரம் முன்பு அங்கே இருப்பது நல்லது. கோவை - சென்னை ஒரு மணி பத்து நிமிடம். சென்னையில் இரண்டு, மூன்று மணி நேரக் காத்திருப்பு. கொல்கத்தாவுக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம். அங்கே இன்னொரு காத்திருப்பு. பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் மோகன்பாரி.

ஆகாயத்தில் இருப்பது ஐந்து மணி நேரம். தரையில் காத்திருப்பது ஏழு மணி நேரம். அதிகாலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், இணைப்புகள் சரியாக அமைந்தால், மாலை நான்கு மணி வாக்கில் மோகன்பாரியில் பெட்டிக்காக நிற்பார். அங்கிருந்து திப்ருகர் டவுனும் 15 கிலோமீட்டர்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் தூரம் ஒன்றே!

பயண நேரங்கள் நிரந்தரமும் அல்ல. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமானங்களின் கால அட்டவணை மாறும். போன வருடம் சித்தப்பா பையன் போன அதே இணைப்பு இந்த வருடமும் இருக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாகப் போகிறவர்கள் பனிமூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

65 மணி நேர ரயில்

இனி அந்த 'மூணு நாள்' ரயில். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ், சுவாமி விவேகானந்தரின் 150-வது பிறந்த ஆண்டை ஒட்டி அறிவிக்கப்பட்டு, 2011 நவம்பரில் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் மிக நீண்ட ரயில் பாதை இதனுடையதுதான். சுமார் 4,190 கிலோமீட்டர், ஒன்பது மாநிலங்கள். தொடக்கத்தில் வாரம் ஒரு முறை ஓடியது, பின்னர் தினசரி ரயிலானது. கூட்டம் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி.

கன்னியாகுமரியில் மாலையில் கிளம்பும் ரயில், கேரளாவைச் சுற்றிக்கொண்டு கோவைக்கு அதிகாலை இருட்டில் வருகிறது. திங்கட்கிழமை அதிகாலை கோவையில் ஏறுபவர், புதன்கிழமை இரவு திப்ருகரில் இறங்குவார். ஏறக்குறைய 65 மணி நேரம், சுமார் 3,700 கிலோமீட்டர். டெல்லி வழியாக விமானத்தில் சுற்றும் அதே தூரம்!

நேர்க்கோட்டை விட ரயிலுக்கு ஏன் ஆயிரம் கிலோமீட்டர் அதிகம்? ரயில் கடலில் ஓடாது, பங்களாதேஷைத் தாண்டியும் போகாது. விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று கரையோரமாக ஏறி, வங்கத்தின் மால்டாவைக் கடந்து, சிலிகுரிக்கு அருகே இருக்கும் குறுகலான நிலப்பட்டைக்குள் நுழைய வேண்டும். நேபாளத்துக்கும் பங்களாதேஷுக்கும் நடுவே இருக்கும் அந்த வழி, மிகக் குறுகிய இடத்தில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். வடகிழக்கு மாநிலங்களுக்குத் தரை வழியாகப் போகும் எல்லா ரயிலும் லாரியும் அந்தக் கழுத்துக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். அதற்கப்புறம் கவுகாத்தி, நாகாலாந்தின் திமாப்பூர், தின்சுகியா, கடைசியாகத் திப்ருகர்.

முன்பதிவு இல்லாத பெட்டியில் இந்த 65 மணி நேரத்தை உட்கார்ந்தே கடப்பவர்கள் உண்டு. கதவோரம், கழிவறையோரம் துண்டு விரித்துப் படுப்பவர்களும் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, கால் வீக்கம் வற்றவே இரண்டு நாளாகும்.

ஒரே கடிகாரம், இரண்டு சூரியன்

தூரத்தை இன்னொரு விதத்திலும் உணரலாம். திப்ருகர், கோவையை விட 18 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், சூரியன் அங்கே 72 நிமிடம் முந்துகிறது. ஆனால் இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான்.

விளைவைப் பாருங்கள். ஜூன் மாதத்தில் கோவையில் ஆறு மணிக்குச் சூரியன் எட்டிப் பார்த்தால், திப்ருகரில் நாலேகாலுக்கே வந்துவிடும். டிசம்பரில் கோவையில் ஆறு மணிக்கு மறையும் சூரியன், அங்கே நாலு மணி இருபது நிமிடத்துக்கெல்லாம் போய்விடும். இதைச் சமாளிக்க அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். 'பகான் டைம்' என்று பெயர். பகான் என்றால் தோட்டம். அங்கிருந்து துடியலூருக்கு வந்த பையன், முதல் மாதம் விடியலுக்கு ரொம்ப முன்பே எழுந்து உட்கார்ந்தால், ரூமில் இருக்கும் மற்றவர்கள் திட்டக் கூடாது. அவன் உடம்புக்குள் ஓடுவது தோட்டத்துக் கடிகாரம்.

மாலை நான்கு மணிக்கு மோகன்பாரியில் இறங்குவது என்றால் என்ன என்பதும் இப்போது புரியும். டிசம்பரில் அது இருட்டும் நேரம்.

இரவில் வரும் போன்

திருவிழாவுக்குப் போகிறவருக்கு 65 மணி நேரம் அலுப்புதான், ஆபத்தில்லை. கணக்கு வேறு மாதிரி ஆவது எப்போது?

பிரம்மபுத்திராவின் வட கரையில், தேமாஜிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். துடியலூரில் ஃபவுண்டரி வேலை. டிசம்பர் மாதம், திங்கட்கிழமை இரவு பத்து மணி. ஊரிலிருந்து போன். அம்மா போய்விட்டார்.

விவேக் எக்ஸ்பிரஸ் இன்னும் சில மணி நேரத்தில் கோவைக்கு வரும். முன்பதிவில்லா டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம். ஆனால் திப்ருகர் போய்ச் சேரும்போது வியாழக்கிழமை இரவு ஆகிவிடும். அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அவர் போவது காரியத்துக்குத்தான், முகம் பார்ப்பதற்கு அல்ல.

விமானம் என்றால் செவ்வாய் மாலை மோகன்பாரி. அங்கிருந்து வட கரைக்குப் போக, முன்பு போகிபீல் துறையில் படகு பிடிக்க வேண்டும். கடைசிப் படகு போய்விட்டால் ஆற்றங்கரையில் ஓர் இரவு. 2018 டிசம்பர் 25 அன்று போகிபீல் பாலம் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீளம், கீழே ரயில், மேலே வாகனங்கள். இப்போது மோகன்பாரியில் இறங்கியவர் அன்றிரவே வீட்டு வாசலில் நிற்கலாம். கோவையிலிருந்து புறப்பட்டவரின் பயணத்தில் ஓர் இரவைக் குறைத்தது, பறக்கும் எதுவும் இல்லை. ஒரு பாலம்.

அந்த இரவு பத்து மணிக்கு டிக்கெட் விலை மலையேறியிருக்கும். கூட வேலை செய்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ப்பார்கள். மேஸ்திரி அட்வான்ஸ் கொடுப்பார். போனில் டிக்கெட் போடத் தெரிந்த ஒருவர் எங்கிருந்தாவது வருவார். அவசரத்தில் நடக்கும் பெரிய தவறும் அப்போதுதான் நடக்கும். மூன்று விமானங்களையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்துவிடுவார்கள், ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று. முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானம் காத்திருக்காது. இரண்டாவது டிக்கெட்டின் காசும் திரும்பாது. கோவை முதல் திப்ருகர் வரை ஒரே பி.என்.ஆரில் எடுத்தால், இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு வந்துவிடும். பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டிய அவசியம் பொதுவாக இருக்காது. தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால், நடுவில் நான்கு மணி நேரமாவது விட வேண்டும். முதல் முறை விமானம் ஏறுகிறவர் என்றால் இன்னும் கூடுதலாக.

இந்தக் கணக்கு அசாம் பையனுக்கு மட்டுமானது அல்ல. கொங்குக் கிராமங்களிலிருந்து ராணுவத்துக்குப் போய், வடகிழக்கு எல்லையில் காவல் நிற்பவர்களின் வீடுகளுக்கும் இதே 2,620 கிலோமீட்டர்தான். அன்னூரிலோ காரமடையிலோ ஒரு வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால், "பையன் எப்ப வருவான்?" என்ற கேள்விக்குப் பதில், அவர் முகாமிலிருந்து மோகன்பாரிக்கு எப்போது வருகிறார், கொல்கத்தாவில் எந்த விமானம் கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

துடியலூருக்குப் பக்கத்து வடமதுரையில் விருந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பசியோடு வழி நடந்து வந்த சுந்தரருக்கு ஈசன் விருந்தளித்த தலம் என்று சொல்வார்கள். வழிப்போக்கர் என்றாலே முதலில் சோறு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதிகாலை நான்கு மணிக்குக் கார் பிடிக்கும் பையனின் கையில், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தயிர்சாதப் பொட்டலம் இருந்தால் அதிசயமில்லை. கைப்பையில் ஏழு கிலோ வரைதான் என்றாலும், பொட்டலத்தை யாரும் பறித்துக்கொள்ள மாட்டார்கள்.

சித்திரைக்கு முன்னால்

நல்ல காரணத்துக்காகவும் ஊருக்குப் போவார்கள் அல்லவா? அசாமின் புத்தாண்டுக் கொண்டாட்டமான ரொங்காலி பிஹு ஏப்ரல் நடுவில் வருகிறது. நம் சித்திரை முதல் நாளும் அதே சமயம்தான். இங்கே கனி வைத்துக் கண் விழிக்கும்போது, அங்கே மாட்டைக் குளிப்பாட்டி, தோல் மேளம் கட்டி ஆடிக்கொண்டிருப்பார்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குவதால், பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் காலை எட்டு மணிக்கு துடியலூர் ரூம்களில் எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்லீப்பரில் ஒரு இடம் கிடைத்துவிட்டால் 65 மணி நேரம் ஒரு பொருட்டில்லை. போகும்போது பையில் மைசூர்பா. வரும்போது ஜோஹா அரிசியும் அசாம் தேயிலைத் தூளும்.

"இந்தத் தடவை பிளேன்லயே போயிட்டு வாயேன்பா, எதுக்கு மூணு நாளு உக்காந்துட்டே போற?" என்று டீ மாஸ்டர் கேட்டால், பதில் இப்படித்தான் வரும்.

"பிளேன் காசு தனியா வெச்சிருக்கேன் அண்ணா. அது ராத்திரி போன் வந்தா எடுக்கறதுக்கு."

மாஸ்டர் வேறு எதுவும் கேட்காமல், அடுத்த கிளாஸுக்குப் பாலை ஆற்றத் தொடங்குவார்.